பன்னிரண்டு வீட்டுக் கொப்பி

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் மாடியின் நான்காவது தட்டிலிருந்து பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு இடையே கடலில் ஒரு துண்டு தெரியும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அந்தத் துண்டுக்கு நேரே கதிரையைப் போட்டுக்கொண்டு வாப்பா உட்கார்ந்திருப்பார். வயது எண்பத்து நான்கு. காது மந்தம். கண் மட்டும் இன்னும் ஊசியில் நூல் கோர்க்கும்.

ஒரு மாலை என் மகள் அவருக்குப் பக்கத்தில் மடிக்கணினியை விரித்து வைத்திருந்தாள். திரையில் முப்பது நாற்பது கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. அவள் ஒரு விசையைத் தட்டியதும் புள்ளிகள் அங்குமிங்கும் பாய்ந்தன, சுழன்றன. பின்னர் மெல்ல மெல்ல ஒரே மூலையில் வந்து அடைந்தன.

"இது என்ன மகள், காக்கக் கூட்டமா?"

"பறவைக் கூட்டந்தான் அப்பா. இதுகள வெச்சுத்தான் கரண்ட் வீணாப் போறதக் கொறைக்கப் போறன்."

வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆயுள் முழுக்க வயர்மேன் வேலை பார்த்த மனிதர் அவர். "காகம் ரெண்டு கம்பிக்கு நடுவுல உழுந்தா கரண்ட் கட்டாகும். எனக்குத் தெரிஞ்ச கணக்கு அதுதான்" என்றார்.

மகள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் இறுதியாண்டில் இருந்தாள். அவளுடைய ஆய்வு வேலை மின்விநியோக வலைகளில் ஏற்படும் இழப்பைக் குறைப்பது பற்றியது. அதற்கு அவள் கையில் எடுத்திருந்த கருவிகளின் பெயர்களைக் கேட்டபோது, கணிதம் படிப்பித்துக் கொண்டிருக்கும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பறவைக் கூட்டம், எறும்புக் கூட்டம், தேனீ, மின்மினி, குயில், வௌவால்! மிருகக்காட்சிச்சாலைக்கு வழி கேட்பது போலிருந்தது.

ஆனால் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல, இதற்குள் ஒரு விஷயம் இருப்பது தெரிந்தது.

முதலில் இழப்பு என்றால் என்ன? கம்பியில் ஓடும் மின்னோட்டம் கம்பியைச் சூடாக்குகிறது. அந்தச் சூடு யாருடைய சோற்றையும் ஆக்குவதில்லை, யாருடைய விளக்கையும் எரிப்பதில்லை. காற்றோடு போகிறது. இதில் கவனிக்க வேண்டியது, ஓட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும் என்பது. ஆகவே எல்லோரும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் சாயும்போதுதான் இழப்பு எல்லை மீறுகிறது. நம் நாட்டில் அந்த நேரம் மஃரிபிலிருந்து ஒன்பதரை மணி வரை. விளக்கு, தொலைக்காட்சி, அயன், தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒன்றாய்ச் சேரும் நேரம் அது.

2000ஆம் ஆண்டளவில் இலங்கையில் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, கணக்கில் வராமலே வழியில் தொலைந்தது. பின்வந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அது பத்திலொரு பங்குக்கும் கீழே இறங்கியது. இறக்கியவை எறும்புகளல்ல. தடித்த கம்பிகள், புதிய உப மின்நிலையங்கள், தெருவுக்குத் தெரு நெருக்கமாக வைத்த ட்ரான்ஸ்போமர்கள், பழைய மீற்றரைக் கழற்றிப் புதியதைப் பூட்டியது, கொக்கி போட்டுக் களவெடுத்தவர்களைப் பிடித்தது என்று கையும் காசும் செய்த வேலை அது. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் கிடந்தோமே, டொலர் இல்லாமல், எண்ணெய் இல்லாமல்! அந்த நாட்களிலும் கஷ்டப்பட்டுப் பிறப்பித்த மின்சாரத்தில் பத்திலொரு பங்குக்குக் கிட்ட இப்படிப் போய்க்கொண்டுதான் இருந்தது. மின்வெட்டு அட்டவணையில் எங்கள் வீட்டு எழுத்து எங்கே என்று தேடிய நேரத்தில் இதை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

இனிப் பறவைக்கு வருவோம். 1995இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் ஜேம்ஸ் கென்னடி, ரசல் எபர்ஹார்ட் என்ற இருவர் ஒரு முறையை முன்வைத்தார்கள். ஒருவர் சமூக உளவியலாளர், மற்றவர் மின்பொறியியலாளர். இந்தச் சோடியே எனக்குப் பிடித்திருக்கிறது. இரை தேடும் பறவைக் கூட்டத்தில் தலைவன் என்று ஒருவன் இல்லை. ஒவ்வொரு பறவையும் இரண்டு விஷயங்களை நினைவில் வைத்திருக்கிறது: தான் இதுவரை கண்ட நல்ல இடம் எது, கூட்டத்தில் யாராவது கண்ட மிக நல்ல இடம் எது. தன் போக்கில் பறந்துகொண்டே இந்த இரண்டின் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சாய்கிறது. அவ்வளவுதான். சூத்திரம் இரண்டே வரி. 2000ஆம் ஆண்டிலேயே ஜப்பானியப் பொறியியலாளர்கள் இதை மின்வலையின் அழுத்தத்தைச் சீராக்கும் வேலைக்குப் பயன்படுத்திக் காட்டிவிட்டார்கள்.

எறும்பின் கதை இன்னும் பழையது. பெல்ஜிய ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று. எறும்புப் புற்றுக்கும் உணவுக்கும் இடையே இரண்டு பாலங்கள் போட்டார்கள், ஒன்று நெடியது, ஒன்று குறியது. எறும்புக்கு நீளம் அளக்கத் தெரியாது. ஆனால் குறிய பாலத்தால் போனது சீக்கிரம் திரும்பி வருகிறது, போகும்போதும் வரும்போதும் மணத்தைப் பூசுகிறது. மணம் கூடிய வழியில் அடுத்த எறும்பு போகிறது. கொஞ்ச நேரத்தில் கூட்டமே குறுக்கு வழிக்கு வந்துவிடுகிறது. மார்க்கோ டொரிகோ என்ற இத்தாலியர் 1992இல் மிலானில் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வில் இதைக் கணினிக்குக் கற்பித்தார். பூசிய மணம் ஆவியாகிப் போவதையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார். ஆவியாகாவிட்டால் முதலில் தற்செயலாகக் கண்ட வழியையே எறும்புகள் கட்டிக்கொண்டு அழும். மறதி இல்லாத கூட்டம் திருந்தாது என்று ஒரு கணிதக்காரன் எழுதி வைத்திருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தேனீ முறையை 2005இல் தந்தவர் துருக்கியின் கெய்சேரி நகரத்துப் பேராசிரியர் தெர்விஷ் கரபோகா. எறும்புக்கும் தேனீக்கும் குர்ஆனில் தனித்தனி அத்தியாயங்கள் இருப்பதை மகளுக்கு நினைவூட்டினேன். "தெரியும் வாப்பா, அறிக்கையில அத எழுதினா புள்ளி தரமாட்டாங்க" என்றாள்.

2009இல் சின்-ஷீ யாங், சுவாஷ் தேப் இருவரும் தந்த குயில் முறையைக் கேட்டதும்தான் வாப்பா கதிரையை அருகே இழுத்துப் போட்டார். மற்றப் பறவையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போவது, கூட்டுக்காரப் பறவை கண்டுபிடித்தால் தள்ளிவிடுவது, தள்ளப்பட்ட இடத்தில் புதிதாக இன்னொன்றைத் தேடுவது. மோசமான விடைகளைக் கழித்து நல்லவற்றை அடைகாக்கும் தந்திரம். கொழும்பில் பிறந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. "நான் எத்தனை காக்கக் கூட்டப் பிரிச்சீக்கிறன்" என்றார் வாப்பா. கொழும்புக் காகம் சுள்ளியால் மட்டும் கூடு கட்டுவதில்லை. கம்பித் துண்டு, உடுப்புக் கொழுவி, வாப்பா போன்றவர்கள் வெட்டிப் போட்ட வயர் நுனி எல்லாம் அதில் இருக்கும். மின்கம்பத்தின் உச்சியில் அப்படியொரு இரும்புக் கூடு இருந்தால் ஒரு மழைக்கு ஒழுங்கையே இருண்டுவிடும். "கூட்டப் பிரிக்கக்குள்ள ரெண்டு மூணு தரம் குயில் முட்டையும் கண்டீக்கிறன். அத மட்டும் ஓரமா வெச்சிட்டு வருவன்."

ஓநாய் 2014இல் வந்தது, திமிங்கிலம் 2016இல். இப்படி ஆண்டுக்கு நாலு மிருகம் சேரத் தொடங்கியதும், அன்ட்வேர்ப் பல்கலைக்கழகத்துக் கென்னத் சோரன்சன் 2015இல் ஒரு கட்டுரை எழுதி, பெயர்தான் புதிது, உள்ளே இருப்பது பழையதே என்று பலரின் வண்டவாளத்தை வெளியே கொண்டுவந்தார். எனக்கும் அவர் பக்கம்தான் சாய்வு. கவிதையில் உவமை புதிதாக இருந்தால் போதும், கணிதத்தில் போதாது. குரங்கு முறை என்று ஒன்று உண்டா என்று கேட்டேன். உண்டாம்! 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனபோது பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னாரே, அந்தக் குரங்கு ஆய்வு செய்ய வந்ததாக இருக்கும்.

மகள் பரிசோதிக்க எடுத்திருந்தது உலகம் முழுவதும் மாணவர்கள் எடுக்கும் ஒரு மாதிரி வலை. 1989இல் பரான், வூ என்ற இருவர் தந்தது. 33 சந்திகள், 37 கோடுகள். அவற்றில் ஐந்தை எப்போதும் திறந்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் வட்டமாகச் சுற்றும். எந்த ஐந்து என்பதுதான் கேள்வி. தொடக்கத்தில் 202.7 கிலோவாற் இழப்பு. சரியான ஐந்தைத் திறந்தால் 139.6. ஒரு முழக் கம்பி புதிதாக இழுக்காமல், சில சுவிட்சுகளை மாற்றிப் போட்டே மூன்றிலொரு பங்குக்குக் கிட்டக் குறைந்துவிடுகிறது. 37 கோடுகளைத் திறப்பதும் மூடுவதுமாக எழுதிப் பார்த்தால் 13,700 கோடிக்கும் மேற்பட்ட விதங்கள் வரும். பெரும்பாலானவை உதவாதவை. உதவுபவற்றைத் தேடித்தான் பறவையும் எறும்பும் போகின்றன.

இந்த மாதிரி வலை சின்னது என்பதையும் அவளே சொன்னாள். கொழும்பின் தரைக்கடியில் ஓடும் 11,000 வோல்ற் கேபிள்களும் இதே போலத்தான், இரண்டு பக்கத்தாலும் ஊட்டக்கூடியதாகப் போட்டு ஓரிடத்தில் திறந்து வைத்திருப்பார்கள். அந்தத் திறப்புகளின் எண்ணிக்கை ஐந்தல்ல. அதோடு நகரம் அசையாமல் நிற்பதில்லை. 1998இல் நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்தபோது இந்த ஒழுங்கையில் ஓட்டு வீடுகள் எட்டு இருந்தன. இப்போது ஒன்றுதான் மிச்சம். ஒரு குடும்பம் இருந்த நிலத்தில் இருபது குடும்பம், ஆளுக்கு இரண்டு ஏசி, மாடிக்கு ஒரு லிஃப்ட். இந்த மாற்றத்தை மண்ணுக்கடியிலுள்ள கேபிளுக்கு யாரும் கடிதம் போட்டு அறிவிப்பதில்லை.

"பெரிய வலைய விடுங்க அப்பா. ஒரு ஒழுங்கையிலயே எந்த வீட்ட எந்தக் கம்பியில குடுக்கிறதுன்ற கேள்விக்கும் இதே வழிதான்" என்றாள் மகள்.

வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அத நான் கொட்டாஞ்சேனையில செஞ்சீக்கிறன்" என்றார். "அலுமாரிக்கு மேல பச்சைப் பெட்டி ஈக்கி. அதுல ஒரு கொப்பி ஈக்கும், எடுத்துட்டு வாங்க."

கொப்பியைக் கண்டதும் எனக்கு நாற்பது வருஷத்துக்கு முந்திய மணமே அடித்தது.

நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். மரஞ்செடி உள்ள தோட்டமல்ல. கொழும்பில் தோட்டம் என்றால் ஒரு வாசல், ஒரு தண்ணீர்க் குழாய், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டு வீடு. முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர், கத்தோலிக்கர் எல்லோரும் இருந்தோம். வாசலில் சொந்தக்காரரின் பிரதான பலகை. அதிலிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கம்பியும் நியூட்ரல் ஒன்றும் சுவரோரமாகக் கடைசிவரை போகும். வழியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கம்பியிலிருந்து கிளை. எங்களுடையது பன்னிரண்டாம் வீடு, கடைசி.

இந்தக் கம்பிகளெல்லாம் மின்குமிழுக்காகப் போட்டவை. வீட்டுக்கு மூன்று குமிழ், வசதியுள்ளவனுக்கு ஒரு ஃபேன். 1977க்குப் பிறகு காலம் மாறியது. மத்திய கிழக்குக்குப் போன பிள்ளைகள் காசு அனுப்பத் தொடங்கினார்கள். 1979இல் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது, 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி. எங்கள் தோட்டத்தில் பத்தாம் வீட்டிலும் பதினோராம் வீட்டிலும் ஃப்ரிஜ் வந்தது. ஒன்பதில் ஒரு தையற்காரர், அவருடைய அயன் மாலை முழுக்கச் சூடாகவே இருக்கும்.

உம்மாவும் ஒரு ஃப்ரிஜ் எடுத்தார். ஆடம்பரத்துக்கல்ல. ஐஸ் பக்கற் செய்து விற்கத்தான். தவணைக் காசு, மாதாமாதம். சர்பத்தைச் சின்னப் பொலித்தீன் குழாயில் ஊற்றி முடிந்து உறைய வைப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். 1982இல் நோன்பு ஜூன் பிற்பகுதியில் தொடங்கியது. அந்த மாதத்தில் வியாபாரம் இரவில். தராவீஹ் முடிந்து வருபவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். தவணையில் பாதியை அந்த ஒரு மாதத்தில் அடைத்துவிடலாம் என்று உம்மா கணக்குப் போட்டிருந்தார்.

மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு எங்கள் வீட்டுக் குமிழ் நெருப்புக்குச்சி போல் சிவந்துவிடும். கஞ்சிக் கோப்பையில் ஈ விழுந்திருக்கிறதா என்று வெளியே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அந்த வேளைகளில் ஃப்ரிஜ் "ம்ம்ம்" என்று முனகும், நிற்கும், மறுபடி முனகும். அழுத்தம் போதாமல் கொம்ப்ரெசர் சுழலத் தொடங்க முடியாது நிற்கிறது, நின்ற நிலையிலேயே பல மடங்கு ஓட்டத்தை இழுத்துச் சூடாகிறது என்பதெல்லாம் எனக்குப் பிறகு படித்துத் தெரிந்தது. நோன்பு பன்னிரண்டோ பதின்மூன்றோ, ஒரு இரவு முனகல் நின்றது. வீடெல்லாம் எரிந்த மணம். காலையில் உருகிய பக்கற்றுகளை உம்மா ஒவ்வொன்றாக அவிழ்த்து வாளியில் ஊற்றினார்.

வாப்பா பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "சாமான் சரியில்ல" என்றார். உம்மா கடைக்காரனைத் திட்டினார். அதன் பிறகு ஏழு மாதம் இல்லாத ஃப்ரிஜ்ஜுக்குத் தவணை கட்டினோம்.

அடுத்த கிழமை வாப்பா இந்தக் கொப்பியோடு வீடு வீடாகப் போகத் தொடங்கினார். இரவு ஏழு மணிக்கு யார் வீட்டில் என்ன எரிகிறது, என்ன சுழல்கிறது, என்ன சூடாகிறது என்று பென்சிலால் எழுதினார். ஒரு வோல்ற் மீற்றரை இரவல் வாங்கி வந்து வாசலிலும் நடுவிலும் கடைசியிலும் பிடித்துப் பார்த்தார். 230 இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் வீட்டில் 170. பிறகு ஒவ்வொரு நாளும் ஸுபஹுக்குப் பின் பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு வீட்டின் கிளையை ஒரு கம்பியிலிருந்து கழற்றி மற்றக் கம்பியில் பூட்டினார். ஏணியைப் பிடிப்பதும் டோர்ச் அடிப்பதும் என் வேலை. பன்னிரண்டு வயது எனக்கு. அன்றிரவு மறுபடி மீற்றரோடு நடப்பார். கூடியிருந்தால் அப்படியே விடுவார். குறைந்திருந்தால் மறுநாள் பழைய இடத்துக்கே கொண்டுபோவார்.

சனங்கள் சும்மா விடவில்லை. பதினோராம் வீட்டுக்காரர், "எங்கட கரண்ட எடுத்து வேற ஆளுக்குக் குடுக்கப் பாக்கிறீங்களா?" என்று ஏணியை உதைக்காத குறை. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ எந்த வீட்டை எங்கே மாற்றினாலும் நிலைமை மோசமாகத்தான் ஆகியது. ஆனால் இன்னும் நன்றாகவும் இல்லை. வாப்பா இரண்டு நாள் ஏணியை எடுக்கவேயில்லை. மூன்றாம் நாள் இரண்டு வீடுகளை ஒரே நேரத்தில் ஒன்றின் இடத்துக்கு மற்றதை மாற்றினார். அன்றிரவு எங்கள் வீட்டில் 205. குமிழ் வெள்ளையாக எரிந்தது. ஃப்ரிஜ்தான் இல்லை.

அண்டை வீட்டாருக்காக வாப்பா பட்ட பாடு என்று இதை நான் பல இடங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு சிறுகதையிலும் எழுதியிருக்கிறேன்.

மகள் கொப்பியைப் புரட்டப் புரட்ட அவள் கண் விரிந்தது. "அப்பா, இது தேடல் முறைதான்! ஒவ்வொண்டா மாத்திப் பாத்து, சிக்கிக்கிட்டு, ரெண்ட ஒண்டா மாத்தித் தப்பினீங்க. எங்கட புத்தகத்துல இதுக்குப் பேரே ஈக்கி." ஒரு மலையேறி மூடுபனிக்குள் சின்னக் குன்றின் உச்சியில் நின்றுகொண்டு இதுதான் சிகரம் என்று நினைப்பது போன்ற சிக்கல் அது. எல்லாத் திசையும் இறக்கமாகவே தெரியும். கூட்டமாகத் தேடுவதன் பயன் இங்கேதான். ஒருவர் குன்றில் நின்றாலும் வேறொருவர் பெரிய மலையில் நிற்கக்கூடும்.

பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு மூன்று தெரிவு. மொத்தம் 531,441 விதம். பறவை முறை அளந்து நகரும் எண்களுக்குப் பிறந்தது, இந்தக் கம்பியா அந்தக் கம்பியா என்ற தெரிவுக்கு எறும்புதான் வாகு என்று அவள் எறும்புகளை அனுப்பினாள். பிறகு என்னிடம் மட்டும் மெதுவாக, "உண்மையில இதுக்கு எறும்பே தேவல்ல வாப்பா, அஞ்சு லட்சத்தையும் எண்ணியே பாத்துடலாம். அப்பாக்குச் செல்லிடாதீங்க" என்றாள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முதலில் தொடக்க நிலையைப் போட்டாள். ஒன்று முதல் நான்கு சிவப்பு, ஐந்து முதல் எட்டு மஞ்சள், ஒன்பது முதல் பன்னிரண்டு நீலம். கொப்பியின் முதற் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. திரையில் பன்னிரண்டு தூண்கள் எழுந்தன. பன்னிரண்டாவது தூண் குட்டையாகக் கிடந்தது. அயன், இரண்டு ஃப்ரிஜ், பிறகு எங்களுடையது. எல்லாப் பாரமும் ஒரே நீலக் கம்பியில், அதுவும் கடைக்கோடியில். ஒரு கம்பியில் 30 அம்பியர் போனால் அதே 30 நியூட்ரலால் திரும்பி வரும். 900ம் 900மாக 1800 பங்கு சூடு. அதையே மூன்று கம்பியிலும் பத்துப் பத்தாகப் பிரித்தால் நியூட்ரலில் ஒன்றுமில்லை, வெறும் 300. ஆறிலொரு பங்கு. இதை அவள் உற்சாகமாக விளக்கிவிட்டு, "யாரப்பா இப்பிடி வரிசையா நாலு நாலாப் பிரிச்சது? படிக்காத வயர்மேன் யாராவதா?" என்று கேட்டாள்.

வாப்பா கடலைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார். "1974இல சொந்தக்காரர் என்னைக் கொண்டுதான் போட்டார். நாலு நாலு நாலு. ஞாபகம் வெச்சுக்க லேசு, வயரும் மிச்சம். எல்லாருக்கும் சமனாப் பிரிச்சன்னுதான் நெனச்சன்." 

மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாப்பாவே தொடர்ந்தார்: "ஃப்ரிஜ்ஜத் தெறந்த ஒடனே எனக்கு வெளங்கிட்டு. சாமான் நல்ல சாமான். உங்க உம்மும்மாக்கு நான் அதச் செல்லல்ல. அவ மவுத்தாகுமட்டும் கடைக்காரனத்தான் ஏசினா."

உம்மா 2009இல் மவுத்தானார்.

இப்படியான நேரங்களில் இளம் பிள்ளைகளுக்கு இருக்கும் புத்தி நமக்கு இருப்பதில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் எறும்புகளை ஓட விட்டாள். சில நொடிகளில் விடை வந்தது. வாப்பா 1982இல் கடைசியாக நிறுத்திய ஏற்பாட்டை அதன் பக்கத்தில் போட்டாள். எறும்புகளின் ஏற்பாட்டில் இழப்பு இன்னும் நூற்றுக்கு ஆறு குறைவு. ஏணியும் இரவல் மீற்றரும் வைத்துக்கொண்டு ஒன்பது நாளில் அவ்வளவு கிட்டத்துக்கு வந்திருக்கிறார்! அதை அவள் இரண்டு தரம் உரத்துச் சொன்னாள், காதில் விழட்டும் என்று.

வாப்பா பாராட்டைக் கவனிக்கவில்லை. திரையில் விரலை வைத்து, "இந்த ஏழாம் வீட்ட ஏன் சிவப்புல போட்டீக்கி?" என்று கேட்டார்.

"அப்பிடிப் போட்டாத்தான் மொத்தக் கணக்குல கொறையுது அப்பா."

"போட ஏலா. அந்தக் கெழவிக்கு இழுப்பு. ஒரு லைட்டு, ஒரு ஃபேன், அவ்வளவுதான் அவக்கு. மத்தக் கம்பில பாரம் ஏறக்குள்ள ஃபேன் சுத்தாது. பாரம் கொறஞ்ச கம்பில வெச்சாத்தான் ராவைக்குப் படுப்பா. அதுக்காகத்தான் நான் ரெண்டு நாள் யோசிச்சது."

கொப்பியில் ஏழாம் வீட்டுக்கு நேரே 'லைட் 1, ஃபேன் 1' என்று மட்டும்தான் இருந்தது. இழுப்பு என்று எழுதியிருக்கவில்லை. எறும்புகள் கொப்பியில் உள்ளதைத்தான் வாசித்தன, கொடுத்த வேலையைத்தான் செய்தன. நாட்டின் பெரிய கணக்குகளிலும் இதுதான் எனக்குச் சந்தேகம். தேடும் வித்தை தேறிவிட்டது, இரண்டு வரிச் சூத்திரத்தில் அடங்குகிறது. ஆனால் ஏழு மணிக்கு எந்த வீட்டில் என்ன ஓடுகிறது, எந்த வீட்டில் விளக்கு மங்கினால் பரவாயில்லை, எந்த வீட்டில் மங்கவே கூடாது என்பதை ஒழுங்கையில் நடந்த ஒருவர் வந்து சொல்லவேண்டியிருக்கிறது. மாத முடிவில் மீற்றர் வாசித்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மகள் ஏழாம் வீட்டுக்கு ஒரு நிபந்தனை எழுதினாள்: அந்த வீட்டில் அழுத்தம் இன்ன அளவுக்குக் கீழே போகும் ஏற்பாடுகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிட வேண்டும். குயில் முட்டை போல. மறுபடி ஓடவிட்டாள். நூற்றுக்கு ஆறு என்றிருந்தது நான்காகச் சுருங்கியது. வாப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வீடாக விரலால் ஓட்டிக்கொண்டு போனார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் நின்றார்.

"இங்க ஃப்ரிஜ் போட்டீக்கிறீங்களே."

"கொப்பில ஈக்கி அப்பா. நாலாம் வீடு, ஃப்ரிஜ் ஒண்டு."

"அது பழைய கணக்கு மகள். நாங்க கம்பி மாத்தக்குள்ள அந்த ஃப்ரிஜ் பழுது. உடுப்பு வெக்கிற அலுமாரியாத்தான் வெச்சிருந்தாங்க."

பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியது. மகள் நான்காம் வீட்டு வரியை அழித்தாள்.